பூஸ்டர் போடவா, விடவா? வாசகர் கேட்கிறார்கள், டொக்டர் பதில் சொல்கிறார்

இந்த முறை வந்த கடிதங்களும் வட்ஸ்அப் குரல் பதிவுகளும் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன. ஏற்கெனவே போட்ட ஊசியை இன்னொரு தரம் போடச் சொல்கிறார்கள், போன தரம் பட்ட பாடு நினைவிருக்கிறது, இனியும் போடத்தான் வேண்டுமா? கொவிட் மட்டும் இல்லை, ஏற்பு (டெட்டனஸ்) ஊசி, உம்ரா ஊசி, பிள்ளைகளின் ஒன்றரை வயது ஊசி என்று எல்லாம் வந்திருக்கின்றன. அதனால் மூட்டு நோக்காரரும் முடி உதிர்கிறவர்களும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டொக்டர், அப்பாவுக்கு 78 வயது. சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் இருக்கிறது. 2019இல் ஸ்டென்ட் வைத்தது. வருகிற ஐப்பசியில் லண்டனில் இருக்கும் தங்கச்சியிடம் போய் ஆறு மாதம் நிற்கப்போகிறார். அங்கே 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொவிட் பூஸ்டர் கொடுக்கிறார்களாம், கூடவே இன்ஃப்ளுவென்சா ஊசியும். தங்கச்சி இப்போதே எல்லாம் விசாரித்து வைத்துவிட்டாள். அப்பா மாட்டவே மாட்டேன் என்கிறார். 2021இல் சைனோபாம் இரண்டு போட்டபோது ஒன்றும் செய்யவில்லை. 2022இல் மூன்றாவதாகப் பைசர் போட்ட இரவு குலைப்பன் வந்த மாதிரி நடுங்கி, இரண்டு நாள் எழும்பவில்லை, கையைத் தூக்கிச் சேட் போட முடியவில்லை. அதோடு பக்கத்து வளவு அண்ணை ஊசி போட்டு மூன்று மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார். அப்பா அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். தங்கச்சி போனில் அழுகிறாள், அப்பா முகத்தைத் திருப்புகிறார், நான் நடுவில் நிற்கிறேன். என்ன செய்ய?
— ஒரு மகள், உவர்மலை

பதில்: அப்பா பயப்படுவதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. நடுங்கிக் கிடந்தது அவர், லண்டனில் இருந்து விசாரித்து வைக்கிறவர் இல்லை. ஆனால் அவர் காய்ச்சலையும் நெஞ்சையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார், அதைத்தான் முதலில் பிரிக்க வேண்டும்.

காய்ச்சல் கதை சுலபம். பைசர், மொடர்னா போன்ற ஊசிகளுக்குப் பிறகு கை நோ, உடம்பு உளைவு, தலையிடி, காய்ச்சல், சிலருக்கு நடுக்கம், அக்குளில் நெறி கட்டுவது எல்லாம் சாதாரணமாக வருகிறவை. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். உடம்பின் காவல் வேலை தொடங்கியதற்கு அது அடையாளம். அதற்காகக் காய்ச்சல் வராதவருக்கு ஊசி பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, அந்தக் கதையும் ஊரில் உலாவுகிறது, நம்ப வேண்டாம். போன தரம் நடுங்கினவர் இந்தத் தரமும் நடுங்குவாரா என்று கேட்டால், நடுங்கலாம், நடுங்காமலும் இருக்கலாம். பொதுவாக இந்த உபாதைகள் இளவட்டங்களை விட வயதானவர்களுக்குக் குறைவாகத்தான் வருகின்றன. 2022இல் அப்பா அந்த இரண்டு நாளைத் தாண்டி வந்துவிட்டார், ஒரு குறையும் மிஞ்சவில்லை. இன்னொரு தரம் வந்தாலும் தாண்டக்கூடியதுதான்.

வந்தால் என்ன செய்வது? பனடோல் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், ஒரு நாளில் எட்டுக் குளிசைக்கு மேல் போகக் கூடாது. ஆள் 50 கிலோவுக்குக் குறைவென்றாலோ ஈரல் வருத்தம் இருந்தாலோ அளவு குறைய வேண்டும், அவரைப் பார்க்கும் டொக்டரைக் கேளுங்கள். காய்ச்சல் வரும் என்று பயந்து முன்கூட்டியே விழுங்க வேண்டாம், வந்த பிறகு எடுத்தால் போதும். சீனி வருத்தக்காரருக்குக் காய்ச்சல் நேரத்தில் சீனி ஏறும், சாப்பாடு இறங்காவிட்டால் குளிசை வேலை செய்து சீனி இறங்கியும் போகும். ஆகவே அந்த இரண்டு நாளும் சீனியைக் குத்திப் பாருங்கள். சாப்பிட முடியாத நாளில் எந்தக் குளிசையைக் குறைப்பது, எதை விடக் கூடாது என்று இங்கே கிளினிக்கில் இப்போதே கேட்டுக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். ஸ்டென்டுக்காக எடுக்கும் அஸ்பிரின், குளோபிடோகிரெல் குளிசைகளை ஊசிக்காக நிற்பாட்டவே கூடாது. ஊசி போடுகிறவரிடம் இந்தக் குளிசை எடுக்கிறேன் என்று சொன்னால் அவர் சின்ன ஊசியாகப் பார்த்துக் குத்திவிட்டு, அந்த இடத்தை இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்வார். தேய்க்க வேண்டாம், அழுத்தினால் போதும்.

இனி நெஞ்சு. பக்கத்து வளவு அண்ணையின் சாவு கவலையான விஷயம், அவர் வீட்டாருக்கு முன்னால் நின்று விவாதம் செய்ய மாட்டேன். ஆனால் இலங்கையில் உயிரை எடுக்கும் வருத்தங்களில் இருதய நோய்தான் முன்னுக்கு நிற்கிறது, ஊசிக்கு முந்தியும் அப்படித்தான். அந்த இரண்டு வருடத்தில் நாட்டின் வயது வந்தவர்களில் பெரும்பாலானோர் ஊசி போட்டார்கள். அப்படியென்றால் அதற்குப் பிறகு மாரடைப்பு வந்த ஆட்களிலும் பெரும்பாலானோர் ஊசி போட்டவர்களாகத்தானே இருப்பார்கள்? பத்திரகாளி அம்மன் தேர் பார்த்துவிட்டு வந்த ஒருவருக்கு மூன்று மாதம் கழித்து நெஞ்சு அடைத்தால் தேரைக் குற்றம் சொல்ல மாட்டோம். கேட்க வேண்டிய கேள்வி, ஊசி போட்டவர்களில் வழமையை விடக் கூடுதலான பேருக்கு வந்ததா என்பதுதான். அப்படித் தேடிப் பார்த்ததில்தான் இருதயத் தசை வீக்கம் என்ற மயோகார்டைட்டிஸ் பிடிபட்டது. அது மெய்யான பக்கவிளைவு, மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் 12 வயதிலிருந்து 30க்குள் இருக்கும் ஆண் பிள்ளைகளுக்கு, இரண்டாவது ஊசிக்குப் பிறகு, ஒரு வாரத்துக்குள் வருவது. 78 வயதில், மூன்று மாதம் கழித்து வரும் மாரடைப்பு வேறு சாதி.

அதேநேரம் கொவிட் நோய் இருதயத்துக்கு என்ன செய்கிறது என்பதை யாரும் அப்பாவிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சுவீடனில் நாடு முழுவதும் கொவிட் வந்தவர்களை எடுத்துப் பார்த்தார்கள். தொற்றிய முதல் இரண்டு வாரத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் அபாயம் பல மடங்கு கூடியிருந்தது. ஸ்டென்ட் வைத்த, சீனி உள்ள ஒருவர், ஐப்பசியிலிருந்து பங்குனி வரை, கதவு ஜன்னல் எல்லாம் பூட்டிய வீட்டுக்குள், பள்ளிக்கூடம் போய்த் தடிமனோடு வரும் பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் இருக்கப்போகிறார். இங்கே முற்றத்தில் கதிரை போட்டு இருக்கிற மனுஷனுக்கு அங்கே கிடைக்கப்போவது அந்தக் காற்றுத்தான்.

பூஸ்டர் என்ன தரும் என்பதையும் உள்ளபடி சொல்கிறேன். போட்டாலும் கொவிட் வரலாம். அது தருவது, சில மாதங்களுக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போகாமல் காப்பாற்றும் பாதுகாப்பு. 2022இல் போட்டதன் பலம் இப்போது பெரிதாக மிஞ்சியிருக்காது, அதற்குப் பிறகு வைரசும் எத்தனையோ வேஷம் மாற்றிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வகுத்த முறையில், மிக வயதானவர்களுக்கும், வேறு நோய்கள் உள்ள முதியவர்களுக்கும் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு தரம் திரும்பப் போடலாம் என்றுதான் இருக்கிறது. உங்கள் அப்பா இரண்டு வரிசையிலும் நிற்கிறார்.

ஆகவே என் எண்ணம்: போடுவது நல்லது. ஆனால் இறங்கிய மறுநாளே ஊசி வேண்டாம், பயணக் களைப்பும் குளிரும் ஊசிக் காய்ச்சலும் ஒன்றாகச் சேர்ந்தால் அப்பா ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார். ஒரு வாரம், பத்து நாள் போகட்டும். இன்ஃப்ளுவென்சா ஊசியையும் இதையும் ஒரே நாளில் இரண்டு கையிலும் போடலாம், அதற்குத் தடையில்லை. ஆனாலும் பயந்திருக்கும் ஆளுக்கு இன்ஃப்ளுவென்சாவை முதலில் போட்டு, ஒன்றிரண்டு வாரம் கழித்து மற்றதைப் போட்டால் மனம் கொஞ்சம் இளகும். போடும் நேரத்தில் காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடுங்கள். அண்மையில்தான் கொவிட் வந்து தேறினவர் என்றால் இரண்டு மூன்று மாதம் பொறுக்கலாம். போன ஊசிக்கு முகம் வீங்கி, மூச்சு அடைத்து, உடம்பெல்லாம் தடித்திருந்தால் கதையே வேறு, அப்படியானவர் விசேட வைத்தியரைக் கேட்காமல் அந்த வகை ஊசியைத் தொடக் கூடாது. உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. போட்ட பிறகு கால்மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும், கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வரும்.

நெஞ்சு நோ, மூச்சு எடுக்கக் கஷ்டம், நெஞ்சு படபடப்பு, மயக்கம், ஒரு பக்கம் வழங்காமல் போவது, இவற்றில் எது வந்தாலும் ஊசிக் குணம் என்று படுத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

இன்னொன்று. பிரஷர் பார்க்கப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டுபோய்க் குத்திவிடும் வேலையைத் தங்கச்சி செய்ய வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அப்படிச் செய்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். அந்த ஐயா அதற்குப் பிறகு மகன் கொடுத்த பிரஷர் குளிசையையே சந்தேகப்பட்டு நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பத் தொடங்கிவிட்டார். புத்தி தெளிவாக இருக்கும் மனுஷன், இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், பிறகு முடிவு அவருடையது. மாட்டேன் என்றே சொன்னால் இன்ஃப்ளுவென்சா ஊசியையாவது கேட்டுப் பாருங்கள். அதற்கு அவ்வளவு எதிர்ப்பு இருக்காது.

கேள்வி: நாங்கள் புருஷனும் பெண்சாதியும் 2021இல் கொவிஷீல்ட் போட்டோம். அந்தக் கொம்பனியே இரத்தம் கட்டும் என்று கோட்டில் ஒத்துக்கொண்டுவிட்டதாம், ஊசியையும் திரும்ப எடுத்துவிட்டார்களாம். இனி எங்களுக்கு என்ன நடக்கும்? இந்த நிலையில் வேறு ஊசி எதையும் உடம்பில் ஏற்றலாமா?
— பாலையூற்று வாசகர்

பதில்: உங்களுக்கு ஒன்றும் நடக்காது, நித்திரை கொள்ளுங்கள்.

அந்தச் செய்தி 2024இல் லண்டன் கோட்டு வழக்கில் இருந்து வந்தது. ஆனால் விஷயம் புதிதில்லை. அஸ்ட்ராசெனெகா ஊசிக்குப் பிறகு (கொவிஷீல்ட் அதே ஊசியின் இந்தியத் தயாரிப்புத்தான்) அரிதாக, இரத்தத் தட்டுக்கள் குறைந்து இரத்தம் உறையும் நிலை வருகிறது என்று ஐரோப்பிய மருந்து அதிகார சபை 2021 சித்திரையிலேயே சொல்லிவிட்டது. பிரித்தானியக் கணக்கில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒருவர், அதற்கு மேற்பட்டவர்களில் லட்சத்தில் ஒருவர். அதுவும் பெரும்பாலும் முதல் ஊசிக்குப் பிறகு, நாலைந்து நாளிலிருந்து நாலு வாரத்துக்குள், மிஞ்சினால் ஆறு வாரத்துக்குள் வருவது. வருடக்கணக்கில் உடம்பில் ஒளிந்திருந்து வெளியே வருகிற சாமான் இல்லை. கொம்பனி ஊசியைச் சந்தையிலிருந்து எடுத்ததும் அதே 2024இல்தான். புதிய வகை ஊசிகள் வந்து இதற்குக் கேள்வி இல்லாமல் போனதுதான் காரணம் என்று சொன்னார்கள். இரண்டு செய்தியும் அடுத்தடுத்து வந்ததால் ஊரில் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

இந்தியா ஏற்றுமதியை நிறுத்தி, இரண்டாவது டோஸ் வருமா வராதா என்று எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலக வாசலில் போய்க் கேட்டுக்கொண்டு, கடைசியில் ஜப்பான் அனுப்பியதில் போட்டுக்கொண்ட ஆட்கள் நீங்கள். அந்தக் காலத்தில் அது உயிர் காத்த ஊசி. வேறு ஊசிகளைப் போடுவதற்கு அது தடையே இல்லை.

கேள்வி: டொக்டர், வயது 21, கெம்பஸில் படிக்கிறேன், ஜிம் போகிறேன், ஒரு வருத்தமும் இல்லை. ஸ்கூல் காலத்தில் பைசர் இரண்டு போட்டது. அவுஸ்திரேலியாவில் இருக்கும் மாமா மூன்றாவது போடாமல் இருக்காதே என்கிறார். யூடியூப்பைத் திறந்தால் ஜிம் போகிற பொடியன்கள் விழுந்து சாகிற வீடியோ. யார் சொல்வதைக் கேட்க?
— கோணேசபுரி மாணவன்

பதில்: தம்பி, இரண்டு பேரையும் கேட்க வேண்டாம். உங்கள் வயதில், வேறு நோய் இல்லாத ஒருவர், இரண்டு ஊசியும் போட்டு, இத்தனை அலைகளில் ஒரு தரமாவது கொவிட்டும் வந்து போயிருக்கக்கூடிய நிலையில், இன்னொரு பூஸ்டருக்காக ஓட வேண்டிய தேவை இல்லை. உங்களைப் போன்ற சுகதேகிகளுக்கு மேலும் மேலும் பூஸ்டர் போடுவதால் கூடுதல் நன்மை குறைவு என்று உலக சுகாதார நிறுவனமும் 2023இலேயே சொல்லிவிட்டது. மேலே 78 வயதுக்காரருக்குப் போடச் சொல்லிவிட்டு உங்களுக்கு வேண்டாம் என்கிறேனே என்று யோசிப்பீர்கள். அவருக்குக் கிடைக்கும் நன்மை பெரியது, பக்கவிளைவு சின்னது. உங்களுக்கு நன்மையும் சின்னது.

மயோகார்டைட்டிஸ் பற்றி: அமெரிக்கக் கணக்கில் ஆகக்கூடியது 16, 17 வயது ஆண் பிள்ளைகளில், இரண்டாவது ஊசிக்குப் பிறகு, லட்சத்துக்குச் சுமார் பத்துப் பேர். பெரும்பாலானோர் ஓய்வோடும் மருந்தோடும் தேறிவிட்டார்கள். நீங்கள் அந்த இரண்டாவது ஊசியைத் தாண்டிப் பல வருடம், இனி அதை நினைத்து நெஞ்சைத் தடவிப் பார்க்க வேண்டாம். வெளிநாட்டுப் படிப்பு, ஆஸ்பத்திரி வேலை என்று ஏதாவது காரணத்தால் போட வேண்டி வந்தால் போடுங்கள், ஒரு வாரம் ஜிம் பக்கம் போகாதீர்கள். அந்த நாட்களில் நெஞ்சு நோவோ படபடப்போ வந்தால் அன்றைக்கே ஈசிஜி எடுக்க வேண்டும்.

அந்த வீடியோக்களைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஜிம்மில் விற்கும் பெயர் தெரியாத பவுடரை வேண்டிக் குடிக்கிறீர்களா என்பதுதான் எனக்கு அதை விடக் கவலை.

கேள்வி: என்ட மனுஷன் கடல்தொழில். தை மாதம் திருக்கை முள் குத்தி ஆஸ்பத்திரியில் ஏற்பு ஊசி போட்டது. ஆவணியில் தூண்டில் கையில் ஏறி, திரும்பவும் போட்டார்கள். இந்தத் தரம் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் கை வீங்கி, தொட்டால் கொதிக்கிறது. மருந்து பழுதோ? போன வருடமும் ஒன்று போட்டவர். இனி வெட்டுக்காயம் வந்தால் ஊசி போடாமல் விடலாமா?
— திருக்கடலூர் சகோதரி

பதில்: மருந்து பழுதில்லை அக்கா, அளவுக்கு மிஞ்சிப் போட்டதுதான் விஷயம். உடம்பில் ஏற்புக்கு எதிரான சக்தி ஏற்கெனவே நிறைய இருக்கும்போது மேலே மேலே போட்டால், போட்ட இடத்தில் சில மணித்தியாலத்துக்குள் இப்படிப் பெரிதாக வீங்கும். சில நாளில், மிஞ்சினால் ஒரு வாரத்தில், தானாக வற்றிவிடும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள், பனடோல் போதும், ஒத்தடம் கொடுத்துச் சூடு ஏற்ற வேண்டாம். வீக்கம் வற்றாமல் சீழ் பிடித்தாலோ, நாள் போகப் போகக் காய்ச்சல் கூடினாலோ காட்டுங்கள்.

கணக்கு இதுதான். சின்ன வயதில் அடிப்படை ஊசிகள், குறைந்தது மூன்று, ஒழுங்காகப் போட்ட ஒருவருக்குச் சுத்தமான சின்னக் காயம் என்றால், கடைசி ஊசி போட்டுப் 10 வருடம் தாண்டியிருந்தால்தான் பூஸ்டர். மண், சாணி, மீன் முள், துருப்பிடித்த கம்பி போன்ற அழுக்குக் காயம் என்றால் 5 வருடம் தாண்டியிருந்தால். உங்கள் மனுஷனுக்கு இப்படி வீங்கினபடியால் இனிப் 10 வருடத்துக்குப் பொதுவாக அந்த ஊசி தேவைப்படாது, அழுக்குக் காயம் வந்தாலும்கூட. ஆனால் இதைக் காயம் பார்க்கும் டொக்டரிடம் சொன்னால்தானே தெரியும்? கடலிலிருந்து இரத்தம் ஒழுக ஒழுக வருகிற மனுஷனிடம் கடைசியாக எப்போது போட்டாய் என்று கேட்டால் தெரியாது என்கிறார், தெரியாது என்றால் எந்த டொக்டரும் போட்டுத்தான் விடுவார், அது சரியும்கூட. ஆகவே போட்ட திகதியை ஒரு துண்டில் எழுதி, பொலித்தீனில் சுற்றி, அடையாள அட்டையோடு வையுங்கள். போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அதற்காக ஊசியே வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள், உங்கள் பெரிய மகன் கடலுக்குப் போகிறான் என்றால் அவனுக்குக் கடைசியாக எப்போது போட்டது என்று பாருங்கள். பள்ளிக்கூடத்தில் 11, 12 வயதில் போட்டதுதான் கடைசி என்றால் அவனுக்கு நேரம் வந்திருக்கும். ஏற்புவலியை நான் கண்டிருக்கிறேன். வாய் திறக்க முடியாது, ஆள் முழு நினைவோடு இருப்பார், யாரோ கதவைச் சாத்தின சத்தத்துக்கு முதுகு வளைந்து உடம்பு முழுக்க விறைக்கும். அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை, மண்ணில் இருக்கிறது. ஊரெல்லாம் ஊசி போட்டிருந்தாலும் போடாதவருக்கு அதனால் பாதுகாப்பு இல்லை.

திருக்கை முள் குத்தினால் முதல் வேலை சுடுதண்ணி. தாங்கக்கூடிய சூட்டில், தோல் வேகாத அளவில், அரை மணி முதல் ஒன்றரை மணித்தியாலம் காலை அதில் வைத்திருந்தால் அந்த விஷ நோ இறங்கும். முள் முறிந்து உள்ளே நிற்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். நோ குறைந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், பிறகு காயம் பழுத்துத்தான் வருகிறார்கள்.

கேள்வி: உம்மாவுக்கு 66. நாலு வருஷத்துக்கு முந்தி ஹஜ்ஜுக்குப் போகும்போது மூளைக்காய்ச்சல் ஊசி போட்டவ. இப்ப உம்ராவுக்குப் போக இருக்கிறா. திரும்பவும் போடச் சொல்கிறார்கள். தேவையா?
— கிண்ணியா

பதில்: அட்டையைப் பாருங்கள். சவூதி கேட்பது நாலு வகைக் கிருமிக்கு எதிரான மெனிஞ்சோகொக்கல் ஊசி. கொன்ஜுகேட் வகை என்று எழுதியிருந்தால் சான்றிதழ் 5 வருடத்துக்குச் செல்லும், உம்மாவுக்கு இன்னும் காலம் இருக்கிறது. பொலிசக்கரைட் வகை என்றால் 3 வருடம்தான், திரும்பப் போட வேண்டும். வகை எழுதவில்லை என்றால் அந்த அட்டையை வைத்துக்கொண்டு வாதாடாமல் போட்டுவிடுவது நல்லது. போய் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும், கடைசி வாரத்தில் ஓட வேண்டாம். கை நோவும் தலையிடியும் ஒரு நாள், அவ்வளவுதான். அந்த வயதுக்கும் அந்தச் சனக்கூட்டத்துக்கும் இன்ஃப்ளுவென்சா ஊசியும் நல்லது. விதிமுறைகளை அவர்கள் வருடா வருடம் திருத்துவதால், முகவரிடம் இந்த வருடத்து அறிவித்தலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: மகனுக்கு 6 மாத ஊசி போட்ட இரவு 39 பாகை காய்ச்சல், விடிய விடியத் தூக்கமில்லை. இப்ப ஒன்றரை வயது ஊசிக்கு மிட்வைஃப் வரச் சொல்கிறா. மாமி, மூன்று தரம் போட்டது காணும், பிள்ளையைப் போட்டு வதைக்காதே என்கிறா. காய்ச்சல் வந்தால் வலிப்பு வருமோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது.
— சம்பூர் தாய்

பதில்: மாமியோடு சண்டை வேண்டாம், ஆனால் ஊசியை விடவும் வேண்டாம். 2, 4, 6 மாதத்தில் போட்ட மூன்றும் அடித்தளம்தான். அதன் பலம் குறைந்துகொண்டு வரும். குக்கல் இருமல், தொண்டைக்கரப்பான், ஏற்புவலி மூன்றுக்கும் எதிரான சக்தியைத் திரும்பத் தூக்கிவிடுவதற்குத்தான் 18 மாதத்து முக்கூட்டு ஊசி. மாமியின் காலத்தில் குக்கல் வந்த பிள்ளை இருமி இருமி முகம் நீலம் பாய்ந்ததை அவவே கண்டிருப்பா, கேட்டுப் பாருங்கள்.

காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம், ஒரு நாள் சிணுங்குவான். பனடோல் பாணியை நிறைக்குத் தக்க அளவில்தான் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்தில் எழுதித் தந்த அளவு இப்போது சரிவராது, மிட்வைஃபிடம் நிறுத்துப் பார்த்து எழுதுவியுங்கள். மெல்லிய உடுப்பு, அடிக்கடி தண்ணி, பால். ஊசி போட்ட இடத்தில் எண்ணெய், விபூதி, தைலம் ஒன்றும் பூச வேண்டாம்.

காய்ச்சலோடு வலிப்பு சில பிள்ளைகளுக்கு வருகிறதுதான். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் சில நிமிடத்தில் நின்றுவிடும், மூளையைப் பாதிப்பதில்லை. வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாய்க்குள் கரண்டியோ விரலோ வைக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முந்திய ஊசிக்குப் பிறகு வலிப்பு வந்திருந்தால், பிள்ளை துவண்டு உணர்வில்லாமல் கிடந்திருந்தால், மூன்று மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் வீரிட்டு அழுதிருந்தால், அதைக் கட்டாயம் எம்ஓஎச்சிடம் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரியில் வைத்துப் போடுவதா, மருந்தை மாற்றுவதா என்று அவர் முடிவெடுப்பார். உங்கள் மகனுக்கு வந்தது வெறும் காய்ச்சல். கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், எல்லாருக்குமே: ஊசிக் காய்ச்சல் இரண்டு நாள். மூன்றாம் நாளும் நின்றால் அது வேறு காய்ச்சல். மாரி காலத்துத் திருகோணமலையில் அது டெங்குவாக இருக்கலாம், இரத்தம் பரிசோதியுங்கள். அதனால்தான் ஊசிக் காய்ச்சலுக்குப் பனடோல் தவிர, டெங்குவுக்கு ஆகாத புரூபன், வோல்டரன் போன்ற நோக் குளிசைகள் ஒன்றும் வேண்டாம் என்று சொல்கிறோம்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் பூஸ்டர் போட்டீர்களா?
— பெயர் இல்லை, ஊரும் இல்லை

பதில்: போட்டேன். காய்ச்சல் வந்தது.

கேள்வி: ஊசியால் ஏதாவது ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? ஆஸ்பத்திரியில் சொன்னால், ஊசியால் இல்லை என்று ஒரு வார்த்தையில் அனுப்பிவிடுகிறார்கள்.
— தம்பலகாமம் வாசகர்

பதில்: நியாயமான கோபம். ஊசியால் வந்ததா இல்லையா என்று அங்கே நின்ற நிலையில் யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது, அதற்குத்தான் பதியும் முறை இருக்கிறது. ஊசிக்குப் பிறகு வரும் பாதகமான விளைவுகளை எம்ஓஎச் அலுவலகம் படிவத்தில் பதிந்து, கொழும்பில் உள்ள தொற்றுநோயியல் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். இது நீங்கள் கெஞ்சிக் கேட்கிற உதவி இல்லை, அவர்களுடைய வேலை. ஊசிதான் காரணம் என்று நிரூபித்துக்கொண்டு போக வேண்டியதும் இல்லை, சந்தேகம் இருந்தாலே பதியலாம். பெரிய வருத்தமாக இருந்தால் விசாரணையும் நடக்கும். மயோகார்டைட்டிஸும் இரத்தம் உறைவதும் வெளியே தெரிந்தது, உலகம் முழுக்க இப்படிப் பதிந்த படிவங்களை வைத்துத்தான்.

போகும்போது ஊசி அட்டையைக் கொண்டுபோங்கள். ஊசியின் பெயர், தொகுதி இலக்கம், போட்ட திகதி மூன்றும் அதில் இருக்கும். என்ன குணம், ஊசி போட்டு எத்தனை மணித்தியாலத்தில் தொடங்கியது, எப்போது நின்றது, வேறு என்ன குளிசை எடுக்கிறார் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். அட்டை தொலைந்துவிட்டால் போட்ட இடத்துப் பதிவில் தேடலாம். உங்கள் பகுதிப் பிஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முதலில் கேளுங்கள், அவருக்கு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரியும்.